இடர்களை நிறுத்தறிதல்: காலநிலை மாற்றமும் பிற பேரிடர்களும்

முன்னுரை

மனித குலத்தை அச்சுறுத்தும் இடர்கள் பலவாகும். காலநிலை மாற்றம், கொள்ளைநோய், அணுப்போர், நச்சுக் கழிவு, உணவுப் பற்றாக்குறை, அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவு என அப்பட்டியல் நீண்டுகொண்டே செல்கிறது. இடர்கள் பெருகினும் அவற்றை எதிர்கொள்ள நம்மிடம் உள்ள பொருளும் காலமும் அளவுக்குட்பட்டவை. எனவே எதனை முதலிற் கருதுவது என்னும் வினா எழுந்தே தீரும். காலநிலை மாற்றமே தலையாயது என்பர் ஒரு சாரார். அதனினும் பெரிய கேடுகள் உள்ளன, அவற்றைக் கவனிப்பாரில்லை என்பர் மற்றொரு சாரார். இவ்விரு விடைகளும் எவ்வாறு பிறக்கின்றன, அவற்றை எவ்வாறு நிறுத்துப் பார்ப்பது என்பதைக் கடலூர் மாவட்டத்தின் பட்டறிவைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலகளாவிய வினாவுக்குக் கடலூர் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். நூல்களில் தனித்தனி இயல்களாகப் பேசப்படும் இடர்கள் பலவற்றை இருபது ஆண்டுகளுக்குள் ஒருசேரக் கண்ட மண் இது. அவற்றை ஒப்பிட்டுப் பேசும் தகுதி இம்மண்ணுக்கு உண்டு.

ஒரு மாவட்டம், பல இடர்கள்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு ஆகிய ஊர்ப்பெயர்கள் அன்று உலகச் செய்திகளில் இடம் பெற்றன. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பகுதியின் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலைப் பொழுதில் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பர் 9இல் நெய்வேலியில் ஒரு நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஆகிய ஊர்களில் ஓடைகள் காட்டாறாகி வீடுகளையும் மக்களையும் அடித்துச் சென்றன. 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியோர் வழியாகக் கொரோனாத் தொற்று ஓரிரு நாளில் மாவட்டமெங்கும் பரவியது. 2024 நவம்பர் 30இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. புயல் ஓய்ந்தது என மக்கள் மூச்சு விட்ட வேளையில், டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட ஏறத்தாழ 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்தது. அண்ணாகிராமம் ஒன்றியத்து மக்களுக்குப் புயலைவிட அவ்வெள்ளமே பெருந்துயராயிற்று.

இவையனைத்தும் நாள் குறிக்கத் தக்கவை. நாள் குறிக்க இயலாதவையும் உள. கடலூர் முதுநகரை அடுத்து உப்பனாற்றங்கரையில் 1980களில் உருவான சிப்காட் வளாகத்தின் இரசாயன ஆலைகளால் காற்றும் நிலத்தடி நீரும் கெட்டமை அவற்றுள் ஒன்று. குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊரார் 2004ஆம் ஆண்டிலேயே வாளி போன்ற எளிய கருவியால் தம் ஊர்க் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினர் என்பது நம்மில் பலரும் அறியாத செய்தியாகும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பல்லாண்டுகளாக நிலத்தடி நீர் இறைக்கப்படுவதும், கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுவதும் இவ்வகையினவே. இவற்றுக்கு நினைவு நாள் இல்லை, மலர்வளையமும் இல்லை.

இரண்டு மணி நேரம்

இங்கு ஒரு தெளிவு இன்றியமையாதது. தேர்வுத் தாள்களில் மாணவர் பலர் ஆழிப்பேரலையைக் காலநிலை மாற்றத்தின் விளைவாக எழுதிவிடுகின்றனர். அது பிழை. சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்தது அது. புவி வெப்பத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடல்கோள் என்னும் சொல் நம் மொழியில் தொன்மையானது. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகிறது. சொல் இருந்தும் எச்சரிக்கை இல்லாமற் போயிற்று என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

நிலநடுக்கம் இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில் நிகழ்ந்தது. அலை தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே நடக்க அந்நேரம் போதுமானதற்கும் மேல். பசிபிக் கடலுக்கு 1949 முதலே ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. இங்கு அத்தகைய அலை அரிது என்பதே காரணம். பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பின்னர், 2007இல் ஐதராபாத்தில் நமது எச்சரிக்கை மையம் செயற்படத் தொடங்கியது.

அரிதாக நிகழ்வதைப் புறக்கணிக்கலாம் என்னும் வாதம் எங்கே தவறுகிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. ஓர் இடர் எத்தனை முறை வரும் என்பது ஒரு கேள்வி. அதனைத் தடுக்க எவ்வளவு செலவாகும் என்பது வேறொரு கேள்வி. நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் கேட்டுக்குச் சில கருவிகளும் ஒரு தொலைபேசித் தொடர்பும் போதுமெனில், அடிக்கடி வருவதல்ல என்பதால் அதனைத் தள்ளி வைப்பது அறிவுடைமை ஆகாது.

பட்டியலிட்டோரும் அவர்தம் அளவுகோல்களும்

அதே 2004ஆம் ஆண்டு மே மாதத்தில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பொருளியல் அறிஞர் எண்மர் கூடினர். நோபல் பரிசு பெற்றோரும் அவர்களுள் இருந்தனர். உலக நன்மைக்குக் கூடுதலாக ஐயாயிரம் கோடி டாலர் கிடைத்தால் எதில் செலவிடுவது என்பதே அவர்கள் முன் வைக்கப்பட்ட வினா. எய்ட்சு நோய்த் தடுப்பு முதலிடமும், ஊட்டச்சத்துக் குறையைப் போக்குதல் அடுத்த இடமும் பெற்றன. காலநிலை மாற்றத்துக்கான திட்டங்கள் கடைசி வரிசைக்குச் சென்றன. அவர்கள் ஆராய்ந்த பத்துத் தலைப்புகளில் இயற்கைப் பேரிடர் என்னும் தலைப்பே இல்லை. ஏழு மாதங்களில் ஆழிப்பேரலை வந்தது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. எப்பட்டியலும் தன்னுள் இடப்பட்டதை மட்டுமே வரிசைப்படுத்தும் என்பதற்காகவே சுட்டினேன்.

காலநிலை கடைசிக்குச் சென்றதற்கு ஒரு கணக்கு முறையே பெரிதும் காரணம். வருங்கால இழப்பை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காண்பது பொருளியலார் வழக்கம். ஆண்டுக்கு 5 விழுக்காடு எனக் கழித்தால், நூறு ஆண்டு கழித்து நேரும் 100 ரூபாய் இழப்பின் இன்றைய மதிப்பு 76 காசு மட்டுமே. 2006இல் பிரிட்டன் அரசுக்காக நிக்கோலஸ் ஸ்டெர்ன் அளித்த அறிக்கையில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு என்னும் கழிவே கொள்ளப்பட்டது. அவ்விகிதத்தில் அதே 100 ரூபாய் இன்று 25 ரூபாய் பெறும். ஒரே இழப்பு, ஒரே ஆண்டு. கழிவு விகிதம் மாறியதும் மதிப்பு முப்பது மடங்குக்கு மேல் மாறிவிடுகிறது. காலநிலை பற்றிய பல சர்ச்சைகள் அறிவியல் சர்ச்சை போலத் தோன்றினும், அடிப்படையில் நம் பேரப்பிள்ளைகளின் துன்பத்துக்கு என்ன விலை வைப்பது என்னும் சர்ச்சையே அவை. பண்ருட்டியில் பலாக் கன்று ஊன்றிய முதியவர்கள் 5 விழுக்காட்டுக் கணக்குப் போட்டிருந்தால் 'தானே' புயலில் சாய்வதற்கு அங்கு ஒரு மரமும் இருந்திராது.

மற்றொரு பட்டியல் 2020இல் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத் தத்துவ அறிஞர் டோபி ஓர்ட், அடுத்த நூறு ஆண்டுகளில் மனித குலம் முற்றாக அழியவோ மீளவியலாதபடி வீழவோ கூடிய வாய்ப்பினை ஒவ்வோர் இடருக்கும் மதிப்பிட்டார். அணுப்போருக்கு ஆயிரத்தில் ஒன்று. காலநிலை மாற்றத்துக்கும் ஆயிரத்தில் ஒன்று. செயற்கையாக உருவாக்கப்படும் நோய்க்கிருமிகளுக்கு முப்பதில் ஒன்று. கட்டுப்பாட்டை மீறும் செயற்கை நுண்ணறிவுக்குப் பத்தில் ஒன்று. இவை அளந்து கண்ட எண்கள் அல்ல, தம் கணிப்பே என அவரே கூறுகிறார். இப்பட்டியலைக் காட்டிக் காலநிலை மாற்றம் சிறியது என வாதிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இவ்வளவுகோல் மனித குலத்தின் முற்றழிவை மட்டுமே அளக்கிறது. தென்பெண்ணைக் கரையில் ஆயிரம் குடும்பங்கள் வீடிழப்பதும், டெல்டாவில் நெல் கருகுவதும் அதில் பதிவாகா. தங்கம் நிறுக்கும் தராசில் நெல் மூட்டையை வைக்க இயலாது. வைத்துவிட்டு நெல்லுக்கு எடையில்லை எனலும் ஆகாது.

இதன் மறுதலையும் உண்மையே. இன்று மாண்டுபோவோரை மட்டும் எண்ணினால் காசநோய் நம் நாட்டில் முன்வரிசையில் நிற்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரை அது கொல்கிறது. அவ்வளவுகோலில் அணுப்போரின் எடை சுழி. ஆயினும் உலகில் இன்றும் ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் உள்ளன. இந்தியாவும் பாகிஸ்தானும் அணுப்போரில் இறங்கினால் எழும் புகைக்கரி கதிரவனை மறைத்து, உலகெங்கும் விளைச்சல் குன்றி, இருநூறு கோடிப் பேர் வரை பட்டினியால் மடியக்கூடும் என 2022இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. இன்று எவரையும் கொல்லாதது என்பதற்காக அதனைப் பட்டியலிலிருந்து நீக்க முடியுமா?

வள்ளுவர் வகுத்த வரிசை

எந்த அளவுகோலும் தனித்து நில்லாது எனின், எவற்றைச் சேர்த்துக் காண்பது? இன்றைய அறிஞர் மூன்று வினாக்களைக் கூறுவர்: இடர் எவ்வளவு பெரிது, எத்தனை பேர் ஏற்கெனவே அதில் ஈடுபட்டுள்ளனர், நம் முயற்சியால் அது குறையுமா. தமிழ் பயின்றோர்க்கு இவை புதியன அல்ல. திருக்குறளின் அரசியலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. அதிகார வைப்பு முறை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இந்நான்கும் சேர்ந்து நிற்பதில் பொருள் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இழப்பையும் வரவையும் பின்விளையும் பயனையும் கணக்கிடச் சொல்வது முதலாவது. இது இடரின் அளவும் செலவும் பற்றியது. இரண்டாவதில் வள்ளுவர் நால்வகை வலிகளை எண்ணச் சொல்கிறார்: செய்யும் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணைவலி. இவற்றுள் துணைவலி நம் வினாவுக்கு மிகவும் வேண்டப்படுவது. பல கைகள் தூக்கும் தேரில் நம் கை சேர்வதால் விளையும் பயன் சிறிது. எவரும் தொடாத வாய்க்காலில் ஒரு மண்வெட்டியும் பெரிது. காலநிலை மாற்றத்துக்கு உலக மாநாடுகள் உள்ளன, பெருநிதி உள்ளது, இளைஞர் இயக்கங்கள் உள்ளன. ஈச்சங்காட்டுக் காற்றுக்கு இருந்தது வாளி மட்டுமே. கொள்ளைநோய்த் தடுப்பும் 2020க்கு முன் இவ்வாறே அனாதையாக இருந்தது. 'காலநிலைக்கு அப்பாலும் பாருங்கள்' என்பாரின் வாதத்தில் உள்ள மெய் இதுவே. அதனை நான் மறுக்கவில்லை.

தன் வலியும் சிறிதன்று என்பதற்கு ஒடிசா சான்றாகும். 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013இல் 'பைலின்' புயல் வந்தபோது பல இலட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இறந்தோர் தொகை சில பத்துகளில் நின்றது. காற்று தணிந்து வீசவில்லை; முன்னறிவிப்பும் புயல் பாதுகாப்பு மையங்களும் அவ்வுயிர்களைக் காத்தன.

மூன்றாவதான காலமறிதலே காலநிலை மாற்றத்தைப் பிற இடர்களிலிருந்து வேறுபடுத்துவது. பகலில் கூகையைக் காக்கை வெல்வதை வள்ளுவர் எடுத்துக்காட்டுவார். பொழுது சாய்ந்தால் வெற்றியும் மாறும். வான்வெளியில் சேர்ந்த கரியமில வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் அங்கேயே தங்குகிறது. வெப்பம் உயர்வது நின்ற பின்னரும் கடல்மட்டம் நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்துகொண்டிருக்கும். பெரியம்மை நோயை உலகம் ஒழித்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. நூறு ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தாலும் ஒழித்திருக்கலாம், இடையில் மாண்டவர் மீளார் என்பதே வேறுபாடு. கடல்மட்டமோ தாமதித்தோர்க்கு அத்தகைய வாய்ப்பைத் தருவதில்லை. 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலையைவிட ஏறத்தாழ 1.55 பாகை செல்சியஸ் மிகுந்திருந்தது.

நான்காவதான இடனறிதலுக்குப் பின்னர் வருவோம்.

பட்டியலில் ஒன்றா, பட்டியலைப் பெருக்குவதா?

இதுகாறும் காலநிலை மாற்றத்தைப் பிற இடர்களின் அருகில் வைத்து ஒப்பிட்டோம். அவ்வாறு அருகருகே வைப்பதே முழுமையாகப் பொருந்தாது என்பது என் கருத்து. அது பெரும்பாலும் தனித்து வந்து கொல்வதில்லை. பிற இடர்களின் உள்ளே புகுந்து அவற்றைப் பெருக்குகிறது. வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கும். பெய்யும்போது கூடுதலாகப் பெய்யும். கடல்மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. உயர்ந்த கடல் ஆற்று முகத்தில் வெள்ளத்தை வடியவிடாது, வறண்ட நாளில் கிணற்றுக்குள் உப்பை ஏற்றும். நெய்வேலியின் நீரிறைப்பால் தாழ்ந்த நிலத்தடி நீருக்கு இதனால் இரட்டைச் சுமை. அதே நெய்வேலி எரிக்கும் பழுப்பு நிலக்கரி புவி வெப்பத்தையும் கூட்டுகிறது. நம் வீட்டு விளக்கையும் எரிக்கிறது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஊதியமும் தருகிறது. இம்மூன்றையும் ஒருங்கே கூறாதவர் பேச்சு அரைப்பேச்சேயாகும்.

இடர்கள் கைகோத்து வருவதற்கு அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. 2020 நவம்பரில் 'நிவர்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கொரோனாக் காலம் முடியவில்லை. புயலுக்கு மக்களை ஓரிடத்தில் திரட்ட வேண்டும். தொற்றுக்கு அவர்களைப் பிரிக்க வேண்டும். இரு துறையினரின் அறிவுரைகளும் ஒரே பள்ளிக் கட்டடத்தில் மோதின. சப்பானின் புகுசிமாவில் 2011 மார்ச் 11இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அணுஉலை விபத்தும் ஒன்றையடுத்து ஒன்றாய் வந்தன. உப்பனாற்றங்கரை ஆலைகளின் கிடங்குகளை ஒருநாள் வெள்ளம் சூழுமாயின் அது எத்துறையின் இடர் எனப்படும்? வெள்ளமா, இரசாயனமா?

எனினும் பெருக்குவது வேறு. எல்லாவற்றுக்கும் காரணம் என்பது வேறு. 2015 டிசம்பர் சென்னைப் பெருமழையைப் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று ஆராய்ந்து, அம்மழையில் புவி வெப்பத்தின் பங்கைத் தெளிவாகக் காண இயலவில்லை என 2016இல் எழுதியது. அக்காலத்தில் ஏரிகளும் வடிகால்களும் சுருங்கிக் கிடந்தமையை எவரும் கண்ணாற் கண்டனர். ஆக்கிரமிப்பை அகற்றாதோர்க்குக் காலநிலை மாற்றம் ஒரு நல்ல சாக்கு. வானத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாதல்லவா!

சான்றுகளைக் கையாளும்போதும் இத்தகைய நேர்மை வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் மையத்தைச் சேர்ந்தோர், அலையாத்திக் காடுகளுக்குப் பின்னிருந்த சிற்றூர்களில் ஆழிப்பேரலையின் அழிவு குறைந்திருந்தது என 2005இல் எழுதினர். கடலிலிருந்து உள்ள தொலைவும் தரையின் உயரமுமே அதற்குப் பெருங்காரணம் என வேறு ஆய்வாளர் 2006இல் மறுத்தனர். இம்மறுப்பு பிச்சாவரத்தின் மதிப்பைக் குறைத்துவிடவில்லை. மண்ணரிப்பைத் தடுப்பது, இறாலுக்கும் மீனுக்கும் குஞ்சு வளரும் இடமாவது, கரியமில வாயுவைச் சேற்றில் புதைத்து வைப்பது என அக்காட்டின் பணிகள் பல. முன்பு வெட்டப்பட்டு உப்பு முற்றிய பகுதிகளில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டிக் கடல்நீரை உலவவிட்டு, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் காட்டை மீட்டனர். எந்த இடர் வரும் என அறியாத நிலையிலும் இத்தகைய வேலை வீண்போகாது.

கிராம சபையின் முன்

இனி இடனறிதல். நீரில் முதலை வெல்லும், கரையில் தோற்கும். யார் எங்கே நின்று முன்னுரிமை வகுக்கிறார் என்பதைப் பொறுத்து விடை மாற வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுகிறது. அண்ணாகிராமம் ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில் அக்டோபர் 2ஆம் நாள் சபை கூடுகிறது எனக் கொள்வோம். அணுகுண்டுகளின் எண்ணிக்கையை அச்சபையால் குறைக்க முடியாது. செயற்கை நுண்ணறிவுக்கு அது சட்டம் இயற்றாது. உலக வெப்பத்தில் நூறில் ஒரு பாகையையும் அதனால் இறக்க முடியாது. அவை நாடாளுமன்றமும் ஐக்கிய நாடுகள் அவையும் அறிவியலாரும் ஏற்க வேண்டிய சுமைகள். அவர்களிடம் ஊரார் கேள்வி கேட்கலாம், வாக்களிக்கலாம், கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

சபையின் கைக்குள் இருப்பவை வேறு. வடிகால் ஓடையை எவ்வளவு அகலத்துக்குத் தூர்வாருவது? அதன் கரையில் எழுந்துவிட்ட கட்டடங்களை என் செய்வது? அணை திறக்கும் செய்தி நள்ளிரவில் யாருக்கு வரும், அவர் யார் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? நடக்க இயலாத முதியோரும் கருவுற்ற பெண்டிரும் எத்தெருவில் உள்ளனர்? மேட்டில் உள்ள பள்ளிக் கட்டடத்தின் சாவி யாரிடம்? குடிநீர்க் கிணற்றின் உப்பளவை ஆண்டுக்கு இருமுறை எழுதி வைப்பவர் எவர்? இவ்வினாக்களுள் ஒன்றிலும் 'காலநிலை' என்னும் சொல் இல்லை. ஆயினும் மழை கூடினாலும், அணை திறந்தாலும், அலை வந்தாலும், ஆலையில் வாயு கசிந்தாலும் அந்தச் சாவியும் அந்தப் பெயர்ப்பட்டியலும் வேண்டப்படும்.

தீர்மானப் புத்தகத்தில் தெருவிளக்கும் சிமெண்டுச் சாலையும் முதலிடம் பெறுவது வழக்கம். ஓடை பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் வரும். வெள்ளம் வந்த மறு ஆண்டில் மட்டும் முதற் பக்கத்துக்கு ஏறும். அவ்வாண்டு கடந்ததும் மீண்டும் இறங்கும்.